பஸ் வராத நிறுத்தமும் ஒரு மொட்டைப் படமும்

“அந்தக் குழந்தை நீதான் என்று உனக்கு யார் சொன்னது?” என்று ஆக்னஸ் என்னைக் கேட்டபோது நாங்கள் இருவரும் ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். கேள்வியைவிட அந்த நிறுத்தம்தான் அப்போது எனக்குப் பெரிய விசித்திரமாக இருந்தது. ஸ்காட்லாந்தில் டண்டீ என்கிற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தின் பின்பக்கத் தோட்டத்தில் அது இருக்கிறது. கம்பம் உண்டு. கம்பத்தில் பஸ் எண் உண்டு. கண்ணாடிக்குள் கால அட்டவணை, மழைக்கு ஒதுங்கக் கூரை, சிவப்பு பெஞ்சு எல்லாம் உண்டு. சாலை மட்டும் கிடையாது. எதிரே புல்வெளி, அதற்கப்பால் மதில். அந்த இல்லத்தில் இருப்பவர்களில் பலருக்கு நினைவு தப்பிவிட்டது. மதியம் சாய்ந்ததும் சிலருக்கு வீட்டுக்குப் போக வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று ஒரு பதற்றம் வந்துவிடும். கதவைத் தட்டுவார்கள், அழுவார்கள். அவர்களை அழைத்து வந்து இந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் அமைதியாகிவிடுவார்கள். பஸ்ஸுக்குத்தானே காத்திருக்கிறோம் என்ற நிம்மதி. எதற்குக் காத்திருந்தோம் என்பது மறந்ததும் தேநீருக்கு உள்ளே வந்துவிடுவார்கள்.

முதல் நாள் இது எனக்குத் தெரியாது. கல்லூரி வேலையாக வந்திருந்தேன், முடித்து வெளியே வந்தேன், நிறுத்தத்தைப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டேன். சாலை இல்லையே என்று யோசிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். புது நாட்டில் முதல் சில மாதங்கள் அப்படித்தான். எது இல்லையென்றாலும், இங்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிவிடுவோம். வெகுநேரம் கழித்து ஒரு பணிப்பெண் வந்தாள். ஊருக்குள் போகும் பஸ் எப்போது வரும் என்று கேட்டேன். “இதோ வந்துவிடும் கண்ணே, அதற்குள் ஒரு டீ குடிக்கலாமா?” என்று என் கையைப் பிடித்தாள். ஸ்காட்லாந்துக்காரர்களின் விருந்தோம்பல் என்று நினைத்து, போய்க் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் என்னையும் அவர்களில் ஒருத்தியாக நடத்திவிட்டதைச் சொல்லி, சிரித்து, மன்னிப்புக் கேட்டு, உண்மையான பஸ் நிற்கும் இடத்தைக் காட்டினாள். பெஞ்சின் மறுமுனையில் கோட்டும் கைப்பையுமாக உட்கார்ந்திருந்த கிழவி மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்து, “இன்றைக்கு ரொம்பத் தாமதம்” என்றாள். ஆமாம் என்றேன். அவள்தான் ஆக்னஸ். பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிவிட்டது, மகளை அழைத்து வரப் போக வேண்டும் என்பது அவளுடைய அன்றாடக் கவலை. மகள் லிண்டாவுக்கு அறுபது வயது.

நான் அங்கே போனது படிப்புக்காக. புகைப்படக் கலையில் மேற்படிப்பு. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான் என்பதை நான் எங்கும் மறைப்பதில்லை. கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன். உதவித்தொகை கிடைத்து நான் கிளம்பியபோது, பெரியம்மா மகளைக் கட்டிய பாவா, “போட்டோ புடிக்கறதுக்கு இன்னாத்துக்குடி சீமைக்குப் போற? மலை அடிவாரத்துல தடுக்கி உழுந்தா ஒரு ஸ்டுடியோ கீது” என்றார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நைனா மட்டும், “அது போவட்டும். போய்ப் பாக்கட்டும்” என்றார். நைனா என்றால் என் அப்பா. ஆந்திர எல்லையோரத்தில் எங்கள் பக்கம் பலர் அப்படித்தான் கூப்பிடுவோம்.

நினைவும் முதுமையும் என்று எங்கள் ஆசிரியை ஃபியோனா ஒரு திட்டம் கொடுத்தாள். ஒவ்வொரு மாணவரும் அந்த இல்லத்தில் ஒருவருடன் பழக வேண்டும். தன் குடும்பத்துப் பழைய புகைப்படம் ஒன்றை அவர் முன் வைத்துப் பேச வேண்டும். அதிலிருந்து என்ன வருகிறதோ அதைப் படமாக்க வேண்டும். மற்ற மாணவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தவித்தார்கள். அவர்களிடம் ஆல்பம் ஆல்பமாக இருந்தது. எனக்கு அந்தத் தவிப்பு இல்லை. என் குழந்தைப் பருவத்துக்கென்று இருப்பது ஒரே ஒரு படம். அதற்குப் பிறகு எடுக்கப்பட்டது பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கான பாஸ்போர்ட் அளவுப் படம்தான்.

படம் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் வண்ணத் திரையில் மயிலும் மலையும். நைனா நாற்காலியில், அம்மா அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, நடுவில் உயரமான ஸ்டூலில் ஒரு குழந்தை. மூவருக்கும் மொட்டை. மூன்று தலையிலும் சந்தனம் அப்பியிருக்கிறது. குழந்தைக்கு முழங்கால் வரை தொங்கும் ஒரு சட்டை, அவ்வளவுதான். பிறந்த சில மாதங்களில் எனக்கு வலிப்பு வந்ததாம். பிழைத்தால் மூன்று பேரும் மொட்டை போடுகிறோம் என்று நைனா முருகனிடம் வேண்டிக்கொண்டாராம். வள்ளி என்ற பெயரும் அதனால் வந்ததுதான். இந்தக் கதையை நான் எத்தனையோ இடத்தில் சொல்லியிருக்கிறேன். இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தபோதும் இதைத்தான் எழுதினேன்: என் வாழ்க்கை தொடங்கும் இடம் இந்தப் படம் என்று. எழுதும்போது கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

அந்தப் படத்தை இங்கே யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. ஃபியோனா குரலைத் தாழ்த்தி, குடும்பத்தில் ஏதாவது நோயா என்று கேட்டாள். கூடப் படிக்கும் ஒருவன் ஏதாவது கைதி முகாமா என்றான். முடியைக் கடவுளுக்குக் கொடுத்தோம் என்று விளக்கினேன். எல்லாரும் தலையசைத்தார்கள், யாருக்கும் பிடிபடவில்லை என்று தெரிந்தது. ஆக்னஸ்தான் சங்கடமே இல்லாமல், “பேன் தொல்லையா?” என்றாள். “எங்கள் பள்ளியிலும் இப்படித்தான் ஒட்ட வெட்டிவிடுவார்கள்.” இல்லை, கடவுளுக்கு என்றேன். “அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?” என்றாள். எனக்கும் தெரியாது என்றேன். பிறகு குழந்தையைக் காட்டி, இது நான் என்றேன். அவள் படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் பின்னலைப் பார்த்தாள். அப்போதுதான் கேட்டாள், அந்தக் குழந்தை நீதான் என்று உனக்கு யார் சொன்னது என்று. நினைவு தப்பியவர் கேட்கும் கேள்வி என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “எல்லாரும் எனக்கும் ஏதேதோ சொல்கிறார்கள்” என்றாள்.

அன்று வீட்டுக்குப் போன் பேசும்போது இதை வேடிக்கையாகச் சொன்னேன். அம்மாவும் சிரித்தாள்.

“இன்னாடி கேக்குது அந்தக் கெழவி? நீதான் அது. பின்ன யாரு?”

பின்னாலிருந்து நைனாவின் குரல் வந்தது. “அது முரளி ஆச்சே.”

“சும்மா இருய்யா நீ.”

“இல்ல, அது முரளி. அன்னிக்கி பாப்பாவுக்கு ஜுரம். ஊட்டுல உட்டுட்டுதான போனோம். பாப்பாவுக்கு இன்னும் மொட்ட போடல.”

முரளி என் சித்தப்பா மகன், என்னைவிட ஆறு மாதம் பெரியவன். நைனா அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நீளமாக ஒன்றைப் பேசி நாளாகியிருந்தது. நைனா எங்கள் ஊர் கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் கொய்யாப்பழம் விற்றவர். திருப்பதி ரோட்டில் வண்டி வந்து நின்றதும் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுவார். போன கிருத்திகைக்கு வந்தவர் யார், இந்தத் தடவை குழந்தையோடு வந்திருப்பவர் யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முகம் மறக்காத மனிதர். கூடையை இறக்கி வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தவறத் தொடங்கியது. முதலில் சாப்பிட்டதை மறந்தார். பிறகு தெருவை. ஆஸ்பத்திரியில், மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, மாத்திரையால் கொஞ்சம் மெதுவாக்கலாம் என்றார்களாம். அம்மா அதை, “வயசாயிட்ச்சி, வேற இன்னா” என்ற ஒரே வாக்கியத்தில் எனக்குச் சொல்லி முடித்திருந்தாள்.

நினைவு போகிறவர் சொல்வதை ஏன் நம்ப வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த இல்லத்தில் நான் கற்றுக்கொண்ட ஒன்று குறுக்கே வந்தது. இவர்களுக்கு நேற்று போய்விடுகிறது, நாற்பது வருடத்துக்கு முந்தையது போவதில்லை. ஆக்னஸுக்குக் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று தெரியாது. மகளின் பள்ளிக் கோட்டில் எந்தப் பித்தான் தளர்ந்திருந்தது என்பது தெரியும். அப்படியென்றால் நைனா சொல்வதும் பழைய விஷயம்தானே?

அம்மாவிடம் மறுபடி கேட்டேன். அன்றைக்கு நான் ஊரைக் கூட்டி அழுதேன் என்றாள். அடுத்த வாரம் கேட்டபோது, மொட்டை போட்டதே தெரியாமல் தூங்கினேன் என்றாள். சித்தி அன்றைக்குக் கூட வந்தார்களா என்றேன். “வந்தா. வந்திருப்பா. எனக்கு இன்னா ஞாபகம் கீது, நானே மொட்டத் தலையோட நின்னுகினு இருந்தேன்” என்றாள். முரளியிடம் கேட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். “எங்க ஊட்லயும் அதே போட்டோ கீது வள்ளி. அது நான்தான்னு எங்கம்மா சொல்லும். நான் இன்னாத்த கண்டேன்? மொட்ட போட்டா எல்லா கொழந்தையும் ஒன்னுதான்” என்றான்.

புகைப்படம் படிக்கிற மாணவி நான். படத்தை ஸ்கேன் செய்து, கல்லூரியின் பெரிய திரையில் விரித்து, குழந்தையின் காதையும் புருவத்தையும் என்னுடையவற்றோடு ஒப்பிட்டேன். காதுமடலில் சந்தனம். புருவம் இருக்கும் இடத்தில் ஸ்டுடியோ விளக்கின் வெளிச்சம். இன்னும் பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்கக் குழந்தையே போய்விட்டது, வெறும் புள்ளிகள் நின்றன. புள்ளிகளுக்குப் பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை. என் வாழ்க்கை தொடங்குகிற இடம் என்று நான் எழுதிக் கொடுத்த படத்தில் நான் இருக்கிறேனா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை. அழுதேன்.

இதோடு நின்றிருந்தால் என்னுடைய குழப்பமாக மட்டும் போயிருக்கும். ஆனால் அந்தப் பேச்சு நைனாவிடம் எதையோ கிளறிவிட்டது. மறுநாளிலிருந்து அவர் கிளம்பத் தொடங்கினார். துண்டை மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, பாப்பாவுக்கு மொட்டை போட வேண்டும் என்று ரோட்டுக்கு நடப்பார். எங்கள் வீடு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. முன்பெல்லாம் அங்கே எல்லாருக்கும் அவரைத் தெரியும். டீக்கடைக்காரர் பிடித்து உட்கார வைத்திருப்பார், கண்டக்டர்கள் ஏற்றாமல் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இப்போது அந்த ரோட்டில் போகிற வண்டிகளுக்கு அவரைத் தெரியாது. லாரிக்குக் குறுக்கே கை காட்டிக்கொண்டு நின்றார் என்று ஒரு நாள். அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் காணோம் என்று இன்னொரு நாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பஸ் ஏறிவிட்டார். திருத்தணியில் இறங்கி, மலைக்கும் போய், மொட்டை போடுகிற மண்டபத்தில் வரிசையில் நின்று பாப்பாவுக்குச் சீட்டுக் கேட்டிருக்கிறார். பிள்ளை எங்கே என்று அங்கிருந்தவர் கேட்டாராம். “தோ, தோள்லதான தூக்கினு வந்தேன்” என்று தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். இல்லை. உடனே கூட்டத்துக்குள் ஓடியிருக்கிறார். அங்கே குழந்தைகளுக்கா பஞ்சம். எல்லாம் மொட்டை, எல்லாம் சந்தனம். ஒவ்வொன்றையும் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்து, பாப்பா பாப்பா என்று கூப்பிட்டிருக்கிறார். பெற்றவர்கள் பயந்து, பிள்ளை பிடிக்கிறவன் என்று அடிக்கப் போய்விட்டார்கள். அர்ச்சனைத் தட்டு விற்கிற அம்மா ஒருத்தி, கொய்யாப்பழக்காரர் என்று அடையாளம் கண்டு நடுவே புகுந்து காப்பாற்றியிருக்கிறாள். இதை எனக்குச் சொல்லும்போது அம்மா ஒன்றுமே சேர்க்கவில்லை. “சட்டைய கிழிச்சிட்டாங்க” என்று மட்டும் கடைசியில் சொன்னாள்.

பஸ் வராத நிறுத்தத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு போட்டு, ஒரு போர்டு வைத்து உட்கார வைத்தால் என்ன என்று கேட்டேன். எனக்கு அது அறிவான யோசனையாகத் தோன்றியது.

“நம்ம ஊருல எங்க நின்னு கை காட்டுனாலும் எதுனா வண்டி வந்து நின்னுடும்டி” என்றாள் அம்மா.

ஆக்னஸின் மகள் லிண்டா ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் கொண்டுவருவாள். பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் வைத்துக் கொடுப்பாள். ஆக்னஸ் அந்நியர்களிடம் பேசுகிற மரியாதையோடு, “நீங்கள் ரொம்ப நல்லவர், எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது” என்பாள். எப்படித் தாங்கிக்கொள்கிறீர்கள் என்று லிண்டாவைக் கேட்டேன். “ஆரம்பத்தில் திருத்திக்கொண்டே இருந்தேன். அம்மா, நான்தான் லிண்டா என்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் நடுங்கிப்போவாள். குழந்தையைத் தேடுகிறவளிடம் ஒரு நரைத்த பெண் வந்து நான்தான் அது என்றால் எப்படி இருக்கும்? இப்போது நான் கேக் கொண்டுவருகிற பெண்மணி” என்றாள். பிறகு, “குழந்தை பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுவேன். அது பொய்யும் இல்லை” என்றாள்.

அது பொய்யா இல்லையா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. ஆனால் நைனாவுக்குத் தேவையானது என்ன என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. வேண்டுதல் முடிந்த குழந்தையை அவர் ஒரு முறை பார்க்க வேண்டும். பழைய படம் அவருக்கு முரளி. புதிதாக ஒன்று வேண்டும். அதை எடுக்க எனக்குத் தெரியும், அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன்.

“கல்யாணம் ஆவாத பொண்ணு, மொட்ட போட்டுகினு நின்னா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?”

“இங்க யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்கம்மா.”

“நான் அங்க இருக்கறவங்கள சொல்லல.”

அவளே தொடர்ந்தாள். “அங்க போட்டா அது செல்லாதுடி. மலையில போட்டாத்தான் முருகனுக்கு.”

“நைனாவுக்குச் செல்லும்மா.”

லைனில் ஒரு பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. “முடிய கீழ உட்டுடாத. எடுத்து வையி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு துருக்கிக்காரரின் முடிதிருத்தும் கடை இருக்கிறது. முழுக்க எடுத்துவிடுங்கள் என்றதும் அவர், நோயாளிகளிடம் நான் காசு வாங்குவதில்லை என்றார். நோய் இல்லை, அப்பாவுக்காக என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து, கடவுள் அவருக்கு அமைதி தரட்டும் என்றார். உயிரோடு இருக்கிறார் என்றேன். மெஷினை நிறுத்திவிட்டு, உனக்கு உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தெரியும் என்றேன். பின்னலை அப்படியே நறுக்கிக் கையில் கொடுத்தார். மீதியை ஒரு துண்டுத்துணியில் வாங்கிக்கொண்டேன். இதை என்ன செய்வாய் என்றார். ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். பக்கத்து பேக்கரியிலிருந்து ரொட்டி போடுகிற காகிதப்பை ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். கண்ணாடியில் பார்த்தேன். பின்னலோடு என்னை அழகி என்று நானே நினைத்துக்கொண்டிருந்தவள் நான். கண்ணாடிக்குள் நைனா உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் எங்கள் இருவருக்கும் ஒரே நெற்றி.

கிளம்பும்போது அம்மா திருநீறோடு மடித்துக் கொடுத்த சந்தனப்பொடி இருந்தது. குழைத்துப் பூசிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். தோட்டத்து நிறுத்தத்தில் முக்காலியை நிறுத்தி, பெஞ்சில் உட்கார்ந்து, கையில் ரிமோட்டோடு நேராகப் பார்த்தேன். ஆக்னஸ் வழக்கம்போல் கைப்பையோடு பக்கத்தில் இருந்தாள். அவள் என்னை அடையாளம் காணவில்லை. என் தலையைப் பார்த்து வருத்தப்பட்டாள். “பள்ளியில் செய்துவிட்டார்களா? இந்த மஞ்சள் மருந்து எரிகிறதா? உன் அம்மாவிடம் சொல், வினிகர் போதும்” என்றாள். கையை நீட்டி, சந்தனம் ஒட்டுமே என்று தயங்கி, பிறகு உச்சியில் வைத்தாள். அப்போது பட்டனை அழுத்தினேன்.

கல்லூரிக் கண்காட்சியில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்பட்டன. பழைய படத்துக்கு முதலில் நான் எழுதியிருந்த வரி: நான், இரண்டு வயதில். அதை எடுத்துவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் எழுதினேன். ஃபியோனாவுக்கு அந்த மாற்றம் பிடித்திருந்தது. நினைவின் நிச்சயமின்மையைப் பற்றி அழகாக ஏதோ சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை, எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்றேன். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றாள். நாங்கள் ஒன்றைப் பற்றித்தான் பேசினோமா என்பது இன்னும் எனக்குச் சந்தேகம்.

படத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் அதைத் திறந்து நைனாவிடம் காட்டும்போது நான் அம்மாவின் இன்னொரு போனில் லைனில் இருந்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார் என்று அம்மா பிறகு சொன்னாள். எனக்குக் கேட்டது அவர் குரல் மட்டும்.

“மொட்ட போட்டாச்சா?”

“ஆங். போட்டாச்சிய்யா. நல்லா பாரு.”

“பாப்பா பெருசாயிட்ச்சி.” பிறகு, “பக்கத்துல யாரு, வெள்ளக்காரம்மா? தலைல கை வச்சினுகீது.”

“தெரிஞ்சவங்க.”

“நல்லாருக்கட்டும்” என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: “வள்ளிக்குப் போன் போடு. பாப்பாவுக்கு மொட்ட போட்டாச்சின்னு சொல்லு. அது சீமைல ஒண்டியா கீது, கேட்டா சந்தோசப்படும்.”

அம்மா போனை அவர் காதில் வைத்தாள். நான் பேசினேன். “ஆங் நைனா. பாத்தேன். நல்லாருக்குது” என்றேன். பாப்பா நான்தான் என்று சொல்லியிருக்கலாம். லிண்டாவை நினைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டேன்.

அன்றிலிருந்து அவர் ரோட்டுக்குப் போவதில்லை. அதுவரையில் நான் ஜெயித்தேன். ஆனால், மலைக்குப் போன பாப்பா திரும்பி வர வேண்டுமல்லவா, அதற்காக வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் எட்டிப் பார்க்கிறாராம். “பரவால்லடி, ஊட்டாண்டயேதான கீறாரு” என்கிறாள் அம்மா. பரவாயில்லை என்று எனக்குச் சொல்ல வரவில்லை. வெளியே வந்துவிட்ட உங்களில் பலருக்கும் ஊரில் யாரோ ஒருவர் இப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்த்துக்கொண்டிருப்பது நம்மைத்தானா என்பது போய் நின்றால்தான் தெரியும்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். முடி இருக்கும் ரொட்டிப் பையை மடித்துக் கைப்பெட்டியில் வைத்தாயிற்று. அதைத் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரியிடம் என்ன விளக்கம் சொல்வது என்று யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். தலையில் இப்போது அரிசி நீளத்துக்கு முடி வந்திருக்கிறது. கனகம்மாசத்திரத்தில் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அது இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கும். பாப்பாவின் மொட்டையும் இருக்காது, வள்ளியின் பின்னலும் இருக்காது.